உலகையே பங்கு போட்டார்கள்... கோடு எங்கே என்று மட்டும் தெரியவில்லை! ஒரு கிராம்புத் தகராறின் கதை

1522, செப்டம்பர் 6. ஸ்பெயினின் சன்லூகர் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்து சேர்கிறது. பெயர் விக்டோரியா. உள்ளே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. இறைத்துக் கொட்டக்கூடத் தெம்பில்லாத 18 பேர் இறங்குகிறார்கள். மூன்று நாள் கழித்து, செவில் நகரத்தில் வெறும் சட்டையோடு, செருப்பில்லாமல், ஆளுக்கொரு மெழுகுவத்தியை ஏந்தி தேவாலயத்துக்கு நடக்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு இதே இடத்தில் இருந்து கிளம்பியது 5 கப்பல்கள், சுமார் 240 பேர். தலைமை தாங்கிப் போன மெகல்லன் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் கப்பலின் அடித்தட்டில் 20 டன்னுக்கும் மேல் கிராம்பு இருக்கிறது.

'உலகை முதன்முதலில் கடல் வழியாகச் சுற்றி வந்த பயணம்' என்று பள்ளியில் படித்திருப்போம். 'உலகம் உருண்டை என்று நிரூபித்த பயணம்' என்றும் சிலர் சொல்வார்கள். இதில் இரண்டாவது தப்பு. பூமி உருண்டை என்பது படித்த ஐரோப்பியர்களுக்கு அப்போதே தெரியும். முதலாவது சரிதான், ஆனால் உலகைச் சுற்றி வருவது அவர்கள் திட்டத்திலேயே இல்லை!

அப்போ எதுக்குப் போனாங்க? சிம்பிளாகச் சொன்னால், ஒரு எல்லைத் தகராறு. நம்ம ஊரில் பக்கத்து வயல்காரர்கள் இருவர் வரப்புக்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவார்கள் இல்லையா, அதே மாதிரி. வயலுக்குப் பதில் இங்கே பூமி உருண்டை. வழக்காடியவர்கள் ஸ்பெயினும் போர்ச்சுகலும்.

எல்லாம் ஒரு மொட்டுக்காக

பிரியாணியில் தாளிக்கும் கிராம்பு ஒரு பூ மொட்டு. பூக்கும் முன்பே பறித்து, வெயிலில் காய வைத்தால் அதுதான் கிராம்பு. இன்று மளிகைக் கடையில் சின்ன பாக்கெட்டில் கிடைக்கிறது. ஆனால் 500 வருடங்களுக்கு முன்பு உலகச் சந்தைக்குக் கிராம்பு வந்தது ஒரே ஒரு மூலையில் இருந்துதான். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள மலுக்கு தீவுகள். அதிலும் தெர்னாத்தே, திடோர், மோத்தி, மக்கியான், பச்சான் என்ற ஐந்து தீவுகள்.

அங்கிருந்து ஜாவா, மலாய் வணிகர்கள் அதை மலாக்காவுக்குக் கொண்டு வருவார்கள். மலாக்காவில் இருந்து குஜராத்திகள், தமிழர்கள், அரபுகள் கை மாறி, செங்கடல் தாண்டி, எகிப்து வழியாக வெனிஸ் நகரம் போகும். ஒவ்வொரு துறைமுகத்திலும் வரி, ஒவ்வொரு கையிலும் லாபம். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இருந்த நாடுகளுக்கு மிஞ்சியது விலை மட்டும்தான்.

'நடுவில் இருக்கும் எல்லோரையும் தாண்டி, நேரே தோட்டத்துக்கே போய் வாங்கினால்?' இந்த ஒரு கேள்விதான் போர்ச்சுகலையும் ஸ்பெயினையும் கடலில் இறக்கியது.

கொலம்பஸ் பற்ற வைத்த நெருப்பு

இதில் முதலில் ஓட ஆரம்பித்தது போர்ச்சுகல். ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கியது. 1479-ல் ஸ்பெயினோடு அல்காசோவாஸ் ஒப்பந்தம் போட்டு, ஆப்பிரிக்கக் கடல் வழியைத் தனக்கென்று உறுதி செய்துகொண்டது. 1488-ல் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாண்டினார். இந்தியாவுக்கான கதவு கிட்டத்தட்டத் திறந்தாச்சு.

மேற்கே போனாலும் ஆசியா வரும் என்று கொலம்பஸ் முதலில் யோசனை சொன்னது போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஜோவானிடம்தான். அவருடைய நிபுணர்கள் மறுத்தார்கள். பூமி தட்டை என்பதால் அல்ல. கொலம்பஸ் சொன்னதைவிட பூமி ரொம்பப் பெரியது என்பதால். கணக்கில் நிபுணர்கள்தான் சரி. நடுவில் அமெரிக்கா என்று ஒரு கண்டம் இருப்பது மட்டும் இரு தரப்புக்கும் தெரியாது.

அதன் பிறகு ஸ்பெயின் அவரை ஸ்பான்சர் செய்தது. 1493 மார்ச்சில் அவர் திரும்பி வந்தபோது, புயலில் சிக்கி முதலில் ஒதுங்கியது எங்கே தெரியுமா? லிஸ்பனில்! போர்ச்சுகல் மன்னரின் வாசலிலேயே போய் நின்று, 'ஆசியாவுக்குப் போய் வந்துவிட்டேன்' என்றார். மன்னர் சும்மா இருப்பாரா? 'பழைய ஒப்பந்தப்படி அந்த நிலம் எனக்குத்தான்' என்று உரிமை கோரினார்.

டோர்டெசில்லாஸ்: அளக்காமல் எழுதிய பத்திரம்

பஞ்சாயத்து போப்பிடம் போனது. அப்போது போப்பாக இருந்த ஆறாம் அலெக்சாண்டர் ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் பிறந்தவர். 1493 மே மாதம் வந்த தீர்ப்பும் ஸ்பெயினுக்குச் சாதகம். அட்லாண்டிக் கடல் நடுவே வடக்கு தெற்காக ஒரு கோடு. அதற்கு மேற்கே ஸ்பெயினுக்கு.

போர்ச்சுகல் இதை ஏற்கவில்லை. நேரடியாகப் பேசி, கோட்டை இன்னும் மேற்கே தள்ள வைத்தது. 1494 ஜூன் 7-ம் தேதி டோர்டெசில்லாஸ் என்ற ஊரில் ஒப்பந்தம். கேப் வெர்டி தீவுகளில் இருந்து 370 லீக் மேற்கே கோடு. லீக் என்பது அக்காலத்து தூர அளவு, சுமார் 6 கிலோமீட்டர். கோட்டுக்குக் கிழக்கே போர்ச்சுகல், மேற்கே ஸ்பெயின். அங்கெல்லாம் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த கோடிக்கணக்கான மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்றும் அந்தக் கோட்டின் தடம் இருக்கிறது. மெஸ்ஸியின் அர்ஜென்டினாவில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள், நெய்மரின் பிரேசிலில் போர்ச்சுகீஸ் பேசுகிறார்கள். தென் அமெரிக்காவின் கிழக்கு முனை கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்ததுதான் ஆரம்பம்.

சரி, கோடு போட்டாச்சு. அந்தக் கோடு எங்கே இருக்கிறது? பத்து மாதத்துக்குள் இரு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து போய் அளந்து குறிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கப்பல்கள் கிளம்பவே இல்லை. சர்வே செய்யாமலே பத்திரம் பதிவான கதை!

ஏன் அளக்க முடியவில்லை?

கடலில் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது அன்றே சாத்தியம். சூரியனோ துருவ நட்சத்திரமோ எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று பார்த்தால் போதும், அட்சரேகை கிடைத்துவிடும்.

கிழக்கு மேற்கு அப்படி இல்லை. பூமி சுழல்வதால் வானம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான் நகரும், நேரம்தான் மாறும். அதனால் தீர்க்கரேகை தெரிய வேண்டுமென்றால், கிளம்பிய ஊரில் இந்த நொடி மணி என்ன என்று தெரிய வேண்டும். ஆடும் கப்பலில் சரியாக ஓடும் கடிகாரம் அன்று கிடையாது. அது வந்தது 18-ம் நூற்றாண்டில், ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் கையால்.

அதுவரை மாலுமிகள் செய்தது ஒரு வகை மனக்கணக்கு. கப்பல் எவ்வளவு வேகம், எத்தனை மணி நேரம், எந்தத் திசை என்று பார்த்து தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். சின்னக் கடலில் இது ஓடும். உலகின் மறுபக்கத்துக்குப் போனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தப்பாகிவிடும்.

இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது. ஆரஞ்சுப் பழத்தை ஒரு பக்கம் மட்டும் கீறினால் அது இரண்டாகாது. பின்பக்கமும் கத்தி போக வேண்டும். டோர்டெசில்லாஸில் அட்லாண்டிக் பக்கம் மட்டும்தான் கீறினார்கள். ஆசியப் பக்கம் கோடு எங்கே வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு நாடுகளும் எதிரெதிர் திசையில் ஓடி, உலகின் பின்பக்கம் முட்டிக்கொள்ளும் நாள் வரை அது யாருக்கும் உறைக்கவில்லை.

முட்டிக்கொண்ட இடம்தான் கிராம்புத் தீவுகள்.

போர்ச்சுகல் கைவிட்ட ஆள்

1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1511-ல் அல்புகெர்க் தலைமையில் போர்ச்சுகீசியப் படை மலாக்காவைப் பிடித்தது. மலாக்காவில் அப்போது தமிழ் வணிகர்கள் பெரிய சமூகமாக இருந்தார்கள். நைனா சட்டு என்று போர்ச்சுகீசிய ஆவணங்கள் குறிப்பிடும் இந்து வணிகர் ஒருவர் அந்தச் சமயத்தில் போர்ச்சுகீசியருக்கு உதவி, பிறகு அங்கே உயர் பதவியும் பெற்றார். ஆசியக் கடலை ஏற்கெனவே அறிந்தவர்களின் கைப்பிடித்துத்தான் ஐரோப்பியர்கள் அடுத்த அடி வைத்தார்கள்.

அந்தப் படையில் இரண்டு நண்பர்கள். ஒருவர் ஃபிரான்சிஸ்கோ செராவ், மற்றவர் ஃபெர்டினாண்ட் மெகல்லன். இருவரும் போர்ச்சுகீசியர்கள். செராவ் 1512-ல் தெர்னாத்தே தீவுக்குப் போய், அங்கே சுல்தானின் ஆலோசகராகவே தங்கிவிட்டார். அங்கிருந்து மெகல்லனுக்குக் கடிதங்கள் எழுதினார். தீவுகள் மலாக்காவுக்கு வெகு கிழக்கே இருப்பதுபோல அந்தக் கடிதங்கள் காட்டின.

மெகல்லன் ஊர் திரும்பினார். மொராக்கோ சண்டையில் காயம்பட்டு கால் தாங்கி நடக்க வேண்டிய நிலை. எதிரிகளோடு வியாபாரம் செய்தார் என்ற புகார் வேறு. இத்தனை வருட சேவைக்குப் படியைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுங்கள் என்று மன்னர் மானுவேலிடம் கேட்டார். கிடைக்கவில்லை.

ஆபீஸில் இன்க்ரிமென்ட் மறுக்கப்பட்ட சீனியர் ஒருவர், கம்பெனியின் ரகசியங்களோடு நேரே போட்டிக் கம்பெனிக்குப் போனால் எப்படி இருக்கும்? 1517-ல் மெகல்லன் செய்தது அதுதான். செவில் போய்ச் சேர்ந்தார். 18 வயது ஸ்பெயின் மன்னர் சார்லஸிடம் அவர் வைத்த வாதம் ஒரே வரியில் அடங்கும்: 'கிராம்புத் தீவுகள் உங்கள் பாதியில் இருக்கின்றன. போர்ச்சுகல் கடலைத் தொடாமல், மேற்கு வழியாகப் போய் அதை நான் காட்டுகிறேன்.'

1518 மார்ச் 22-ல் ஒப்பந்தம். வருமானத்தில் 20-ல் ஒரு பங்கு, கண்டுபிடிக்கும் தீவுகளுக்கு ஆளுநர் பதவி. ஒரே கண்டிஷன், போர்ச்சுகல் மன்னரின் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. போர்ச்சுகல் தூதர் ஸ்பெயின் அரசவையிலேயே இதைத் தடுக்கப் பார்த்தார். முடியவில்லை.

கப்பலுக்குள்ளேயே இரண்டு கட்சி

1519 செப்டம்பர் 20-ல் ஐந்து கப்பல்களும் கிளம்பின. பகை வெளியே மட்டும் இல்லை. தலைவர் போர்ச்சுகீசியர், கேப்டன்களில் மூன்று பேர் ஸ்பானியர்கள். 'இந்த ஆள் நம்மை விற்றுவிடுவான்' என்ற சந்தேகம் முதல் நாளே கப்பலேறிவிட்டது. மெகல்லனும் தன் வழித்திட்டத்தை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

1520 ஏப்ரல் தொடக்கத்தில், தென் அமெரிக்காவின் தெற்கே சான் ஹூலியான் விரிகுடாவில், ஈஸ்டர் சமயத்தில் கலகம் வெடித்தது. மூன்று கப்பல்கள் கலகக்காரர்கள் கையில். மெகல்லன் ஈவிரக்கம் இல்லாமல் அடக்கினார். ஒரு கேப்டன் குத்திக் கொல்லப்பட்டார், ஒருவரின் தலை வெட்டப்பட்டது, மூன்றாமவர் ஒரு பாதிரியாரோடு ஆளில்லாத கரையில் விடப்பட்டார். மற்ற சுமார் 40 பேருக்கு மரண தண்டனை விதித்து, கப்பலோட்ட ஆள் வேண்டும் என்பதால் மன்னித்தார். மன்னிக்கப்பட்டவர்களில் ஒருவர் பெயர் எல்கானோ. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்டியாகோ என்ற சிறிய கப்பல் புயலில் உடைந்தது. அக்டோபர் 21-ல் அவர்கள் தேடிய நீரிணை கிடைத்தது. இன்று அதற்கு மெகல்லன் நீரிணை என்றே பெயர். அதைக் கடக்கும்போதே பெரிய கப்பலான சான் அன்டோனியோ, நிறைய உணவுப் பொருட்களோடு நழுவி ஸ்பெயினுக்கே திரும்பிவிட்டது. மிச்சம் மூன்று.

பசிபிக் சொன்ன கெட்ட செய்தி

நவம்பர் 28-ல் எதிரே விரிந்தது ஒரு அமைதியான கடல். சில வாரங்களில் தாண்டிவிடலாம் என்று நினைத்தார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் ஆனது. பிஸ்கட் புழுத்துப் பொடியானது. தண்ணீர் மஞ்சளாகி நாற்றமெடுத்தது. பாய்மரத்தில் சுற்றியிருந்த தோலைக் கடல்நீரில் ஊற வைத்துச் சுட்டுத் தின்றார்கள். எலி ஒன்று அரை டூகட் தங்கக் காசுக்கு விலை போனது. ஈறு வீங்கி, சாப்பிட முடியாமல் ஆட்கள் இறந்தார்கள். உடன் பயணித்த இத்தாலியர் அன்டோனியோ பிகாஃபெட்டா எழுதி வைத்ததால் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

இந்தப் பட்டினிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஸ்பெயினின் பங்கு, அட்லாண்டிக் கோட்டில் இருந்து மேற்கே பாதி உலகம். பசிபிக் எவ்வளவு அகலமோ, அவ்வளவு தூரம் கிராம்புத் தீவுகள் அந்தப் பாதியின் விளிம்பைத் தாண்டிப் போகும். அதாவது, நிலம் கண்ணில் படாத ஒவ்வொரு நாளும், மெகல்லன் மன்னரிடம் சொன்ன வாதத்துக்கு எதிரான சாட்சி.

1521 மார்ச்சில் குவாம், பிறகு இன்றைய பிலிப்பைன்ஸ். மலாக்காவில் மெகல்லன் அடிமையாகப் பிடித்து, ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், இப்போது மேற்கு வழியாகத் திரும்பக் கொண்டுவந்த என்ரிக்கே என்ற இளைஞர், படகில் வந்தவர்களிடம் மலாய் மொழியில் பேசினார். அவர்களுக்குப் புரிந்தது! உலகின் இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது என்பதை முதலில் காட்டியது வரைபடம் அல்ல, ஒரு அடிமையின் பேச்சு.

அதன் பிறகு மெகல்லன் செய்தது தேவையில்லாத வேலை. கிராம்பைத் தேடிப் போகாமல், செபு தீவின் தலைவர் ஹுமபோனுக்காக உள்ளூர்ப் பகையில் தலையிட்டார். பக்கத்துத் தீவான மக்டானின் தலைவர் லாப்புலாப்பு பணிய மறுத்தார். ஏப்ரல் 27-ல் 49 பேரோடு கரையிறங்கிய மெகல்லன், கடல் ஆழம் குறைவு என்பதால் கப்பல் பீரங்கிகளின் உதவி கிடைக்காமல், முழங்கால் தண்ணீரில் கொல்லப்பட்டார். சில நாட்களில் செபுவில் ஒரு விருந்தில் வைத்து இன்னும் பலர் கொல்லப்பட்டார்கள். ஓட்ட ஆளில்லாமல் ஒரு கப்பலை அவர்களே எரித்தார்கள். மிச்சம் இரண்டு.

இரண்டு சுல்தான்கள், இரண்டு மன்னர்கள்

1521 நவம்பர் 8. கடைசியில் திடோர் தீவு வந்தது. கடிதம் எழுதிய நண்பர் செராவ், பக்கத்துத் தெர்னாத்தேயில் சில மாதங்களுக்கு முன்பே இறந்திருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீவுக்காரர்கள் ஐரோப்பியர்களுக்காகக் காத்திருந்த அப்பாவிகள் அல்ல. தெர்னாத்தே சுல்தானும் திடோர் சுல்தானும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவும் உண்டு, தீராத போட்டியும் உண்டு. தெர்னாத்தேயிடம் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். அதனால் திடோர் சுல்தான் ஸ்பானியர்களைச் சந்தோஷமாக வரவேற்றார். ஐரோப்பாவின் பகையைத் தீவுக்காரர்களும், தீவுகளின் பகையை ஐரோப்பியரும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இரண்டு கப்பல்களிலும் கிராம்பு நிரம்பியது. கிளம்பும் நேரத்தில் டிரினிடாட் கப்பலில் ஓட்டை. அது பழுது பார்க்க நின்றது. பிறகு பசிபிக் வழியே திரும்ப முயன்று, முடியாமல் திரும்பி வந்து போர்ச்சுகீசியரிடம் மாட்டியது. அதில் இருந்தவர்களில் ஐரோப்பாவைத் திரும்பப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

விக்டோரியா மட்டும் டிசம்பர் 21-ல் கிளம்பியது. கேப்டன், நாம் ஞாபகம் வைத்திருந்த அதே எல்கானோ. வந்த வழியே திரும்பினால் பசிபிக் கொல்லும். மேற்கே போனால் முழுக்கப் போர்ச்சுகல் கடல். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பிடிபடாமல் இருக்க, ஆப்பிரிக்கத் தென்முனையைச் சுற்றி, துறைமுகங்களைத் தவிர்த்துப் பல மாதம் ஓட்டினார். உலகைச் சுற்றியது இப்படித்தான். சாதனை செய்யும் ஆசையில் அல்ல, வேறு வழி இல்லாமல்.

1522 ஜூலையில் பசி தாங்காமல் போர்ச்சுகலின் கேப் வெர்டி தீவுகளில் நிறுத்தினார்கள். 'அமெரிக்காவில் இருந்து வருகிறோம்' என்று பொய். ஆனால் கிராம்பைக் கொடுத்துப் பொருள் வாங்கப் போனதில் குட்டு உடைந்தது. 13 பேர் பிடிபட்டார்கள். மற்றவர்கள் தப்பி ஓடினார்கள். அங்கேதான் இன்னொரு ஆச்சரியமும். கப்பல் கணக்கில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை! சூரியனோடு மேற்கே சுற்றியதில் ஒரு நாள் கரைந்து போயிருந்தது.

வந்த கிராம்பின் விலை, மொத்தப் பயணச் செலவையும் ஏறக்குறைய ஈடுகட்டியது. எல்கானோவுக்கு மன்னர் கொடுத்த குலச் சின்னத்தில் கிராம்பு, பட்டை, ஜாதிக்காயோடு ஒரு பூமி உருண்டையும் இருந்தது.

பாலத்தில் கூடிய பஞ்சாயத்து

கிராம்பு வந்துவிட்டது. தீவு யாருக்கு? 1524 ஏப்ரலில் இரு நாட்டு எல்லையில், படாஹோஸ், எல்வாஸ் ஊர்களுக்கு இடையே ஆற்றுப் பாலத்தில் பேச்சு தொடங்கியது. இரு பக்கமும் வானியல் அறிஞர்கள், மாலுமிகள், சட்ட நிபுணர்கள். ஸ்பெயின் தரப்பில் எல்கானோவும் வந்தார், கொலம்பஸின் மகன் ஹெர்னான்டோவும் வந்தார்.

முதல் சண்டையே 370 லீக்கை எந்தத் தீவில் இருந்து அளப்பது என்பதில். 1494-ல் கோட்டை மேற்கே தள்ளு என்று அடம்பிடித்த போர்ச்சுகல், இப்போது கிழக்கே இருக்கும் தீவில் இருந்து அளக்கச் சொன்னது. ஸ்பெயின் மேற்குத் தீவில் இருந்து என்றது. முன்பு பிரேசில் பக்கத்தைப் பார்த்தார்கள். இப்போது பார்வை மறுபக்கத்துக்குப் போய்விட்டது. இங்கே கோடு கிழக்கே நகர்ந்தால் அங்கேயும் கிழக்கே நகரும், கிராம்பு போர்ச்சுகல் பக்கம் வந்துவிடும்.

இரு தரப்பும் தங்கள் வரைபடத்தை விரித்தார்கள். ஆச்சரியமே இல்லாமல், ஒவ்வொருவர் வரைபடத்திலும் தீவு அவரவர் பக்கம் இருந்தது. அறிவியல் அங்கே அளப்பதற்கு வரவில்லை, வக்காலத்து வாங்க வந்திருந்தது.

ஸ்பானிய வரலாற்று நூல் ஒன்றில் ஒரு கதை உண்டு. ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்த போர்ச்சுகல் குழுவைப் பார்த்து, துணி காயப்போட்டுக் காவல் இருந்த ஒரு சிறுவன், 'உலகைப் பங்கு போடுபவர்கள் நீங்கள்தானா?' என்று கேட்டானாம். 'ஆமாம்' என்றதும், சட்டையைத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டி, 'அப்படியென்றால் கோட்டை இதன் நடுவே போடுங்கள்' என்றானாம். நடந்ததோ, கட்டியதோ, இரண்டு மாதப் பேச்சுவார்த்தைக்கு அதைவிடச் சுருக்கமான விமர்சனம் கிடையாது. மே மாத முடிவில் கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

3,50,000 டூகட்டுக்கு ஒரு அடமானம்

அளந்து முடிக்க முடியாததை அடித்து முடிக்கலாம் என்று 1525-ல் ஸ்பெயின் இன்னும் ஏழு கப்பல்களை அனுப்பியது. தலைவர் லோயாய்சாவும், துணைக்குப் போன எல்கானோவும் 1526-ல் பசிபிக் நடுவிலேயே இறந்தார்கள். ஒரே ஒரு கப்பல்தான் திடோர் வரை போனது. அங்கே இரண்டு தீவுகளையும் தளமாக்கி, இரு நாட்டுக்காரர்களும் சின்னச் சின்னதாகச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஊரிலோ இரண்டு மன்னர்களும் சம்பந்திகள் மாதிரி. சார்லஸின் தங்கையைப் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜோவான் மணந்தார், ஜோவானின் தங்கையைச் சார்லஸ் மணந்தார். இது போக, பிரான்ஸோடு போரில் சார்லஸுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது.

1529 ஏப்ரல் 22-ல் சரகோசா ஒப்பந்தம். 3,50,000 டூகட்டுக்குச் சார்லஸ் தீவுகள் மீதான தன் உரிமையைக் கொடுத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மீட்டுக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. நம்ம பாஷையில் அடமானம். தீவுகளுக்கு 17 டிகிரி கிழக்கே புதுக் கோடு. அதே 1529-ல், போர்ச்சுகலில் பிறந்து ஸ்பெயினுக்கு வேலை பார்த்த டியோகோ ரிபெய்ரோ வரைந்த புகழ்பெற்ற உலக வரைபடம், தீவுகளை ஸ்பெயின் பாதியில்தான் காட்டியது. விலை பேசும்போது சொத்து தன் பேரில் இருப்பதாகக் காட்ட வேண்டும் இல்லையா!

உண்மையில் கோடு எங்கே?

இன்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். டோர்டெசில்லாஸ் கோடு தோராயமாக மேற்கு 46 டிகிரியில் விழுகிறது. அப்படியென்றால் உலகின் மறுபக்கம் அது கிழக்கு 134 டிகிரி. தெர்னாத்தேயும் திடோரும் இருப்பது கிழக்கு 127 டிகிரியில்.

அதாவது, கிராம்புத் தீவுகள் ஆரம்பம் முதலே போர்ச்சுகல் பக்கம். மெகல்லன் சொன்னது தப்பு. அவர் உட்பட இத்தனை பேர் செத்தது ஒரு தப்புக் கணக்குக்காக. போர்ச்சுகல் 3,50,000 டூகட் கொடுத்தது, தன் சொந்த ஒப்பந்தப்படி தனக்கே உரிய பங்குக்கு!

இன்னொரு பக்கம், பிலிப்பைன்ஸும் போர்ச்சுகல் பாதியில்தான் வருகிறது. ஆனால் 1565-ல் ஸ்பெயின் அங்கே போய் உட்கார்ந்து, 300 வருடத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 1750-ல் மாட்ரிட் ஒப்பந்தத்தில், யார் எங்கே இருக்கிறார்களோ அதுதான் எல்லை என்ற முடிவுக்கு வந்து, இரு நாடுகளும் பழைய கோட்டை ஒதுக்கி வைத்தன. 256 வருடம் கழித்து!

தீவுக்காரர்களுக்கு என்ன ஆனது?

பத்திரத்தில் கையெழுத்துப் போடாத தரப்பு அவர்கள்தான். விலை கொடுத்ததும் அவர்கள்தான்.

1522-ல் தெர்னாத்தேயில் கோட்டை கட்டிய போர்ச்சுகீசியர், 1570-ல் சுல்தான் ஹைருனை அந்தக் கோட்டைக்கு அழைத்துக் கொன்றார்கள். அவர் மகன் பாபுல்லா கோட்டையை முற்றுகையிட்டார். ஐந்து வருடம் விடவில்லை. 1575-ல் போர்ச்சுகீசியர் தெர்னாத்தேயை விட்டு வெளியேறினார்கள். விலை கொடுத்து வாங்கிய தீவு, 50 வருடம்கூடக் கையில் தங்கவில்லை.

நிம்மதி நீடிக்கவில்லை. அடுத்து வந்த டச்சுக் கம்பெனிக்குக் கோடு, தீர்க்கரேகை எல்லாம் தேவைப்படவில்லை. கிராம்பு விலை இறங்காமல் இருக்க, 17-ம் நூற்றாண்டில் சுல்தானுக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டு, இந்தத் தீவுகளில் இருந்த கிராம்பு மரங்களையே வெட்டிச் சாய்த்தது. தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த அம்போன் பகுதியில் மட்டும் வளர்க்க அனுமதி. கிராம்பு பிறந்த மண்ணிலேயே கிராம்பு வளர்ப்பது குற்றமானது.

அந்த ஏகபோகத்தை உடைத்தது இன்னொரு போட்டியாளர். 1770 வாக்கில் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஏற்பாட்டில் கிராம்புக் கன்றுகள் கள்ளத்தனமாக மொரீஷியஸ் போயின. அங்கிருந்து பிற நாடுகளுக்கும் பரவின. ஒரு மூலைக்கு மட்டும் சொந்தமாக இருந்த மரம் ஊர் ஊராக முளைத்தது. இன்று கன்னியாகுமரி மாவட்ட மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடுகூட இருக்கிறது.

அஞ்சறைப் பெட்டியில் கிராம்பு எடுக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். இதற்காக உலகத்தின் மேல் இரண்டு முறை கோடு போட்டார்கள். இரண்டு முறையும், அந்த மரத்தை வளர்த்தவர்களைக் கேட்கவில்லை.